மீன் தொட்டிக்கு வைத்த ஆள்

சனிக்கிழமை காலை ஏழேகாலுக்குப் பல் வைத்தியசாலையின் கதவைத் திறந்து விளக்கைப் போட்ட ராசமலர், தொட்டிக்குள் மூன்று மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதப்பதைக் கண்டாள். முதல் கிழமை மீன் செத்தபோது பதறியடித்து டொக்டருக்கு அழைப்பு எடுத்தவள் அவள். இரண்டாம் கிழமை கழிவறைக்குள் போய் நின்று அழுதாள். இந்தத் தடவை அழுவதற்குக்கூட உடம்பில் தெம்பில்லை. கைப்பையைக் கதிரையில் வைத்தாள், சின்ன வலையை எடுத்தாள், மூன்றையும் அள்ளிப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றினாள்.

எட்டு மீனில் மிச்சம் ஒன்று. செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன். அது கல்லோரமாக ஒதுங்கி, செவுளை அடித்து அடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“என்ர ராசா, நீயும் போயிடாதை,” என்றாள் ராசமலர்.

அவள் கெஞ்சியதில் சுயநலமும் இருந்தது. அந்த மீனும் போனால் தொட்டி போய்விடும். தொட்டி போனால் ராசமலர் திரும்பவும் மாடிப்படிக்குப் போகவேண்டும்.

அந்த மாடிப்படியைப் பற்றிச் சொல்லாமல் ராசமலரைப் பற்றிச் சொல்ல ஏலாது. திருகோணமலை நகரத்தில், உட்துறைமுகத்துக்குப் பின்னால் இரண்டாவது தெருவில், இரண்டு தட்டுக் கட்டடம் ஒன்றில் இருக்கிறது டொக்டர் நிருசாவின் பல் வைத்தியசாலை. கீழே நோயாளர் காத்திருக்கும் அறையும் பல் பிடுங்கும் அறையும். மேலே எக்ஸ்ரே எடுக்கும் அறை, கழிவறை, பொருள் வைக்கும் அறை. இடையில் இருபத்திரண்டு படிகள். ஏழு வருசமாக அந்தப் படிகளை ஒரு நாளைக்கு இரண்டு தரம் துடைத்தவள் ராசமலர். வயது ஐம்பத்திரண்டு. வீடு சம்பூரில். விடிய ஐந்தேகால் பஸ்ஸைப் பிடித்தால் மூதூர், கிண்ணியா எல்லாம் சுற்றிக்கொண்டு ஏழு மணிக்கு நகரத்தில் இறக்கிவிடும். பாதித் தூக்கத்தை அவள் அந்த பஸ்ஸில்தான் தூங்குகிறாள். கிண்ணியாப் பாலத்தில் காற்று முகத்தில் அடிக்கும்போது தானாக முழிப்பு வந்துவிடும்.

போன வருசக் கடைசியில் அவளுடைய முழங்கால்கள் இரண்டும் வேலைநிறுத்தம் செய்யத் தொடங்கின. ஏறும்போது பொறுத்துக்கொள்வாள். இறங்குவதுதான் சீவன் போகும் வேலை. ஒருவரும் பார்க்காத நேரம் படியில் குந்தி, ஒவ்வொரு படியாக அரக்கி அரக்கி இறங்குவாள். பக்கத்தில் வாளியும் அவளோடு படி இறங்கும். ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

மாசி மாதத்தில் ஒரு நாள் டொக்டர் கூப்பிட்டாள். காத்திருக்கும் அறையில் கடல்மீன் தொட்டி ஒன்று வைக்கப்போவதாகச் சொன்னாள். ஊசிக்குப் பயந்து கத்துகிற பிள்ளைகள் அதைப் பார்த்து அடங்குவார்களாம். “ராசக்கா, படி, கழிவறை எல்லாத்துக்கும் மதிவதனா எண்டு ஒரு பிள்ளை வருவா. நீங்கள் இனி தொட்டியைப் பாருங்கோ. அதுதான் உங்கட வேலை.”

ராசமலர் ஓம் என்றாள். அன்றைக்கு பஸ்ஸில் தூக்கமே வரவில்லை அவளுக்கு. இத்தனை வருசத்தில் முதல் தடவையாக, இருந்துகொண்டு பார்க்கிற வேலை.

தொட்டி வந்தது. வெள்ளை மணலும், கொழும்பிலிருந்து வந்த காய்ந்த கல்லும் போட்டார்கள். கடல்தண்ணீரைக் கிண்ணியாவிலிருந்து நஸ்ரி பிளாஸ்டிக் கான் கானாகக் கொண்டுவந்தான். நஸ்ரி முன்பு அலங்கார மீன் பிடிக்கக் கடலடியில் சுழியோடியவன். காதில் வருத்தம் வந்தபிறகு சுழியோடுவதை விட்டு, தொட்டி வைத்துக் கொடுக்கும் வேலைக்கு வந்தவன். நாற்பது வயதிருக்கும். ஒரு மாதத்துக்கு மேல் தொட்டியில் மீன் இல்லாமல் தண்ணீர் மட்டும் ஓடவேண்டும் என்று பிடிவாதமாக நின்று, அதற்குப் பிறகுதான் எட்டு மீனையும் விட்டான். ஆறு நீலப்பச்சைச் சிறு மீன்கள், ஒரு சோடி கோமாளி மீன். பிறகு வியாழக்கிழமை தோறும் வந்து கொஞ்சத் தண்ணீர் மாற்றினான். சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்துத் துளி விட்டுப் பார்ப்பான். மஞ்சளாக இருந்தால் நல்லது, பச்சையானால் கூடாது. ஒவ்வொரு வியாழனும் மஞ்சளாகத்தான் இருந்தது. ஆனால் மீன் மட்டும் செத்தது.

முதல் சனிக்கிழமை இரண்டு செத்தபோது, பயணக் களைப்பு என்றான் நஸ்ரி போனில். அடுத்த கிழமை ஞாயிறு பூட்டிக் கிடந்துவிட்டுத் திங்கள் திறந்தபோது இன்னும் இரண்டு. ஏசி இல்லாமல் தண்ணீர் கொதித்திருக்கும் என்றாள் டொக்டர். வெப்பமானி வைத்துப் பார்த்தால் சூடு ஏறவேயில்லை. பிள்ளைகள் பிஸ்கட் தூள் போடுகிறார்களோ என்று மூடியை இறுக்கினார்கள். நுளம்புக்கு அடிக்கும் மருந்தை நிறுத்தினார்கள். மழை பெய்ததே, உப்புக் குறைந்துவிட்டதோ என்று அதையும் அளந்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது.

இப்போது மூன்றாம் கிழமை, மூன்று மீன். டொக்டர் எட்டு மணிக்கு வந்து, தாளில் சுற்றியிருந்ததை விரித்துப் பார்த்துவிட்டு நஸ்ரிக்கு அழைப்பு எடுத்தாள். வெளியே ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். “இதுவும் செத்தால் தொட்டியைக் கழட்டிக் குடுப்பம் ராசக்கா. பிள்ளையளைச் சிரிக்க வைக்க எண்டு வச்சது, இப்ப பிள்ளையள் பிரேதத்தை எல்லோ பாக்குதுகள்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

பத்து மணிக்கு நஸ்ரி வந்தான். சனிக்கிழமை அவன் வந்தது இதுவே முதல் தடவை. தண்ணீரை எடுத்தான், துளி விட்டான், குலுக்கினான். குழாய் கரும்பச்சையாக மாறியது.

“யா அல்லாஹ்,” என்றான். “வியாழக்கிழம பாக்கக்க மஞ்சளாத்தானே இரிந்திச்சி. ரெண்டு நாளைக்குள்ள என்ன நடந்த?” தொட்டியின் பின்புறம் தொங்கிய ஃபில்டர் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த பஞ்சை வெளியே எடுத்தான். செங்கல் அளவுப் பஞ்சு. வெள்ளை வெளேரென்று, கடையிலிருந்து அப்போதுதான் வாங்கியதுபோல இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ராசமலரைப் பார்த்தான்.

“அக்கா, இத யாரு கழுவின?”

“நான்தான் தம்பி,” என்றாள் ராசமலர். அவளுக்குச் சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. “வெள்ளிக்கிழமையில எடுத்துக் கழுவுறனான். சும்மா வழுவழுவெண்டு ஒரே ஊத்தை. பைப் தண்ணியில மூண்டு நாலு தரம் அலசி, வெயில்ல கொஞ்சம் காயப்போட்டுத்தான் திரும்ப வைக்கிறனான்.”

நஸ்ரி அப்படியே கதிரையில் உட்கார்ந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் பெருமை எங்கே போனதென்று தெரியவில்லை அவளுக்கு.

“அது ஊத்த இல்லக்கா. அதுதான் தொட்டிட உசிரு,” என்றான் மெதுவாக. மீன் கழிக்கும் கழிவு தண்ணீரில் நஞ்சாகிறது. அந்த நஞ்சைத் தின்று தீர்ப்பதற்கென்றே கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றன. பழைய தொட்டியென்றால் கல்லிலும் மணலிலும் பிடித்திருக்கும், இது புதுத் தொட்டி, இருந்ததெல்லாம் அந்தப் பஞ்சின் வழுவழுப்புக்குள்தான் என்று விளங்கப்படுத்தினான். பைப் தண்ணீரில் குளோரின். பட்டவுடன் கிருமி எல்லாம் செத்துப்போகும். “நீங்க வெள்ளிக்கிழம கழுவுறீங்க. சனி, ஞாயிறு நஞ்சு ஏறுது, மீன் சாகுது. அடுத்த வியாழன் நான் வாறத்துக்குள்ள கிருமி கொஞ்சம் திரும்பப் பிடிச்சிரும், நஞ்சும் இறங்கிரும். நானும் மஞ்சளப் பாத்துட்டுச் சந்தோசமாப் போறன். வெள்ளிக்கிழம ஜும்மா எண்டு நான் இந்தப் பக்கமே வாறல்ல. ஒருக்கா வந்திருந்தா கண்டிருப்பன்.”

ராசமலர் எண்ணிப் பார்த்தாள். ஏழு மீன். ஏழையும் அவள்தான் கொன்றிருக்கிறாள், அதுவும் விழுந்து விழுந்து வேலை செய்து.

வெள்ளிக்கிழமை கழுவாமல் இருக்க அவளுக்குத் தெரியாது, அதுதான் உண்மை. இரண்டாயிரத்து ஆறில் யுத்தம் வந்து சம்பூரை விட்டு ஓடிப்போய், கூடாரம் கூடாரமாகத் தங்கிய ஒன்பது வருசமும் அவள் வெள்ளிக்கிழமை கழுவினாள். கழுவ வீடில்லாத இடத்தில் இரண்டு சட்டியையும் அரிக்கன் லாம்புக் கண்ணாடியையும் கழுவினாள். கூடாரத்துக்கு முன்னால் இருந்த மண்ணைக் கூட்டி மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். பக்கத்துக் கூடாரத்துச் சனம், நிலம் கூட்டும் ‘தும்புத்தடி’ என்றே அவளுக்குப் பேர் வைத்தது. எல்லாம் கைவிட்டுப் போன காலத்தில் அவள் கையில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு வேலைதான். அது ஒரு உயிரைக் கொல்லும் என்று யார் நினைத்தார்கள்?

“தம்பி, டொக்டரிட்டச் சொல்லிப்போடாதையுங்கோ,” என்றாள். “தொட்டியை எடுத்துப்போட்டு என்னைத் திரும்பப் படிக்கு விட்டினமெண்டால் என்னால ஏலாது. என்ர காலைப் பாருங்கோ.”

நஸ்ரி காலைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தான். “நான் சொல்ல மாட்டன்க்கா. ஆனா இனி அதில கைய வெக்காதீங்க. ஒண்டும் செய்யாதீங்க. சும்மா இரிந்தாக் காணும்.” கொண்டுவந்திருந்த கடல்தண்ணீரால் பாதித் தொட்டியை மாற்றினான். தன் வீட்டுத் தொட்டியிலிருந்த அழுக்குப் பஞ்சில் ஒரு துண்டைப் பின்னேரம் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்தான். டொக்டர் கதவைத் திறந்து என்னவென்று கேட்டபோது, “தண்ணியில நஞ்சு ஏறிட்டு, டொக்டர். மாத்திட்டன்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அன்றிரவு சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு, நடந்ததைப் புருசன் தர்மசீலனிடம் சொன்னாள். அவர் மாடு பார்க்கிறவர், ஊரில் அதிகம் கதைக்காதவர். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கினார். “அப்பவே சொன்னனான், உம்மட கை சும்மா இராது எண்டு. மீன் தண்ணிக்குள்ளதானே கிடக்குது, அதையும் பிடிச்சுக் கழுவோணுமா?” பிறகு அவள் முகத்தைக் கண்டு அடங்கிப்போனார். “வாயைப் பொத்திக்கொண்டு இரும். அந்தப் பொடியன் சொல்ல மாட்டன் எண்டவன்தானே. உம்மட காலுக்கு இதுக்குப் பிறகு வேற வேலை கிடைக்காது.”

ஓம் என்றுதான் அவளும் நினைத்தாள். ஞாயிறு முழுக்க அப்படியே நினைத்தாள்.

திங்கள் காலை மீன் உயிரோடு இருந்தது. மூச்சும் கொஞ்சம் ஆறியிருந்தது. ராசமலர் தொட்டிக்கு முன்னால் நின்று கும்பிட்டாள். பின்னாலேயே டொக்டர் வந்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்து, வரும்போதே களைத்துப்போன முகத்தோடு.

“ராசக்கா, நான் யோசிச்சுப் பாத்தன். நஸ்ரியின்ர தண்ணிதான் பிழை. நஞ்சு எண்டு அவரே வாயால சொல்லிப்போட்டார். வெளிக்கடலுக்குப் போக அலுப்புப்பட்டு ஹாபருக்குள்ள அள்ளியிருப்பார், அங்க எண்ணெயும் கண்டறியாததும். இனி அவர் வேண்டாம். மற்ற டொக்டர்மாரும் தொட்டி வைக்க ஆள் கேட்டவை, அவையளுக்கும் சொல்லிவிடோணும்.”

ராசமலர் வாயைப் பொத்திக்கொண்டுதான் நின்றாள். ஆனால் நஸ்ரி விடியப்புறம் வள்ளம் பிடித்து வெளிக்கடலுக்குப் போய்த்தான் அள்ளுகிறான் என்பது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு கானையும் கிண்ணியாவிலிருந்து ஆட்டோவில் ஏற்றி வருவதும் தெரியும். சொல்ல மாட்டேன் என்ற ஒரு வார்த்தைக்காக அவன் பேர் கெடப்போகிறது. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

“டொக்டர், தண்ணியில பிழையில்லை,” என்றாள். “பிழை என்னில. நான் அந்தப் பஞ்சைக் கழுவினனான்.”

எல்லாவற்றையும் சொன்னாள். பைப் தண்ணீர், வெயில், வெள்ளிக்கிழமை, நஸ்ரியிடம் கெஞ்சியது, ஒன்றும் விடவில்லை. டொக்டர் நெற்றியைத் தேய்த்தாள்.

“ஏழு மீன், ராசக்கா.” கோபம் குரலில் நன்றாகவே தெரிந்தது. “கண்ணாடியைத் துடைச்சால் காணும் எண்டு சொன்னனானா இல்லையா? ஏன் அதைத் தோண்டி எடுத்தனீங்கள்?”

“சும்மா இருந்து சம்பளம் வாங்க மனம் வரேல்லை டொக்டர். அந்தப் பிள்ளை மதிவதனா மேலயும் கீழயும் ஓடி ஓடித் துடைக்குது. நான் கதிரையில இருந்து மீனைப் பாக்கிறன். சனம் என்னைப் பாக்குது. அப்ப ஏதாவது செய்யோணும் போல கிடந்தது. அதிலதான் கழுவினனான்.” அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “வேணுமெண்டால் நான் படிக்கே போறன்.”

டொக்டர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இந்தத் தொட்டிக்கு ஆளே தேவையில்லை எண்டு நஸ்ரி முதல் நாளே சொன்னவர்,” என்றாள். “கிழமைக்கு ஒருக்கா தான் வந்தால் காணும், மற்ற நேரம் ஒருத்தரும் கிட்டப் போகாதது நல்லமெண்டவர். நான்தான் ஆள் வைக்கோணும் எண்டனான். நீங்கள் படியில குந்திக் குந்தி இறங்கினதை நான் மார்கழியிலேயே கண்டனான், ராசக்கா. சும்மா இருங்கோ எண்டால் நீங்கள் இருப்பியளா? நாளைக்கே வேலையை விட்டுட்டுப் போயிருப்பியள். அதுதான் வேலை எண்டு பேர் வைச்சுத் தந்தனான்.”

ராசமலர் தலையைக் குனிந்தாள். அழுகையும் வெட்கமுமாக, எதை முதலில் துடைப்பதென்று தெரியாமல் சேலைத் தலைப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளும் தனக்கென்று கிடைத்தது ஒரு கதிரை. அந்தக் கதிரையில் இருக்கத் தெரியாமல் எழும்பி எழும்பிப் போய் ஏழு உயிரைக் கழுவி ஊற்றியிருக்கிறாள்.

“நஸ்ரிக்கு நான் சொல்லுறன். மன்னிப்பும் கேக்கிறன்,” என்று டொக்டர் எழும்பினாள். “ஆனால் ராசக்கா, இன்னொருக்கா அந்தப் பெட்டியைத் திறந்தியளெண்டால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். கையைக் கட்டிக்கொண்டு இருங்கோ. அதுவும் வேலைதான்.”

சொல்வது லேசு. அந்தக் கிழமை ராசமலர் பட்ட பாடு மாடிப்படியில்கூடப் பட்டதில்லை. புதன்கிழமை மணலில் மண்ணிறமாகப் பாசி படர்ந்தது. வியாழன் அது கண்ணாடிக்கும் ஏறியது. நஸ்ரி வந்து பார்த்து, “இது நல்லம், புதுத் தொட்டிக்கு இப்பிடித்தான் வரும், விடுங்க,” என்று சிரித்தான். டொக்டர் அவனிடம் என்ன சொன்னாளோ, அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. குழாயில் துளி விட்டான். மஞ்சளில் லேசாகப் பச்சை தட்டியது. “இறங்குது அக்கா. இறங்குது,” என்றான்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. சம்பூரில் வீட்டைக் கூட்டி, வாசலுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் ராசமலர் பஸ் ஏறினாள். அதை யாராலும் நிறுத்த ஏலாது. வைத்தியசாலைக்கு வந்து பைப்பைத் திறந்து கையை மட்டும் கழுவினாள். தொட்டிக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்தாள். மதிவதனா மாடிப்படியைத் துடைக்கும் சத்தம் கேட்டது. பெட்டிக்குள் பஞ்சு கிடந்தது, இப்போது அது எவ்வளவு வழுவழுத்திருக்கும் என்று நினைக்க நினைக்க அவளுடைய விரல்கள் மடியில் ஒன்றையொன்று பிசைந்தன. ஒரு கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள்.

கோமாளி மீன் கல்லை விட்டு வெளியே வந்தது. மேலே வந்து, அவள் போட்ட ஒரு துளித் தீனியை வாயால் கவ்வியது. மூன்று கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அது தின்றதை அவள் கண்டாள்.

பக்கத்துக் கதிரையில், துறைமுகத்தில் வேலை செய்யும் ஒருவர் காத்திருந்தார். கடைவாயில் பஞ்சு அடைத்து, ஒரு கன்னம் வீங்கி, பொழுது போகாமல் கதை கொடுத்தார். அவள் வெகு நேரமாக அசையாமல் இருப்பதை அவர் கவனித்திருக்க வேண்டும்.

“என்ன அக்கா, உங்களுக்கும் பல்லா?” என்று கொழகொழத்த குரலில் கேட்டார். “இஞ்ச வந்து எவ்வளவு நேரமாச் சும்மா இருக்கிறியள்?”

ராசமலருக்கு முகம் சூடாகியது. எழும்பி ஒரு துணியையாவது கையில் எடுக்கவேண்டும்போல உடம்பு முழுவதும் உன்னியது. கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

“சும்மா இல்லை,” என்றாள். “வேலை செய்யிறன்.”

சொன்னபிறகும் அவளுக்கே அது முழுதாக நம்ப முடியாமல்தான் இருந்தது. ஆனாலும் அவள் எழும்பவில்லை.